மாஸ்டர் மடக்கு

2019 சனவரி 9, புதன்

இன்று எனக்கு எழுபத்தோரு வயது, இரண்டு மாதம், ஏழு நாள். முப்பத்தொரு ஆண்டுகள் பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவள். அலகு சொல்லாத விடைக்கு மதிப்பெண் போட்டதில்லை. ஆகவே என் வயதையும் முழுமையாக எழுதுகிறேன்.

நேற்று அவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அடுக்களையை ஒட்டிய அறையில் கட்டிலைப் போட்டிருக்கிறோம். அங்கிருந்து பார்த்தால் கிணறும், மாமரமும், மரத்தடியில் சிமெண்டு பூசிய களமும் தெரியும். அந்தக் களத்தில்தான் என் கணவர் தாணுமூர்த்தி நாற்பது ஆண்டுக்கு மேலாகக் கராத்தே சொல்லிக்கொடுத்தார். பகலில் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். விடியலிலும் மாலையிலும் நாகர்கோவிலுக்கே மாஸ்டர்.

கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்திருக்கிறாள். சௌதாமினி, வீட்டில் தாமினி. மின்னல் என்று பொருள். பையன் பிறப்பான் என்று உறுதியாக இருந்த மனிதருக்கு ஒரு அதிர்ச்சி இருக்கட்டுமென்று நானே வைத்த பெயர். அவளோ ஆறு வயதில் களத்தில் இறங்கி அவருடைய மாணவர்களிலேயே சிறந்தவளாகிவிட்டாள். அதிர்ச்சி எனக்கு.

கஞ்சியில் மட்டி வாழைப்பழம் பிசைந்து ஊட்டினேன். பாதி உள்ளே போயிற்று, பாதி துண்டில். எனக்கு இடக்காது கேட்காது. அதனால் அவர் தொண்டையில் எழுப்பும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று பிடிபடச் சற்று நேரமாகிறது. அந்தக் காது போய் நாற்பது ஆண்டாகிறது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சனவரி 12, சனி

ஜெபசிங் வந்திருந்தான். இப்போது களத்துக்கு வருபவர்களில் மூத்த மாணவன். 1988இல், பன்னிரண்டு வயதில், அரைக்கால் சட்டையோடு வந்தவன். இப்போது வடசேரியில் இரும்புக்கடையும் ஒரு தொப்பையும் வைத்திருக்கிறான். கட்டிலருகே நின்று அழுதான். பிறகு தாமினியிடம் சிக்கலைச் சொன்னான்.

சிக்கல் புரிய வேண்டுமானால் கட்டா என்பது புரிய வேண்டும். எதிரி இருப்பதாக எண்ணிக்கொண்டு தனியே செய்யும் அசைவுகளின் கோவை அது. ஒவ்வோர் அசைவுக்கும் சண்டையில் ஒரு பயன் உண்டு. அதைக் கண்டறிந்து ஆள் வைத்துச் செய்துகாட்டுவதைப் பொருள் சொல்லுதல் என்கிறார்கள். அசைவுகளை இயற்றியவர்கள் பொருளைச் சொல்லாமலே போய்ச்சேர்ந்துவிட்டார்கள். இருப்பவர்கள் உரையாசிரியர்களைப் போல ஆளுக்கொரு பொருள் சொல்லி ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவர்கள் ‘கோட்டை’ என்று அழைக்கும் கட்டாவில் ஓரிடம் உண்டு. இரண்டு கைகளும் முன்னால் உயர்ந்து எதையோ பற்றும். இடுப்பு திரும்பும். இடக்கை இடுப்புக்கு வரும். வலக்கை நேராக நீண்டு நிற்கும். எல்லா ஊரிலும் அப்படித்தான். இந்தக் களத்தில் மட்டும் வலக்கை நீளாது. முழங்கை மடிந்து, விரித்த உள்ளங்கை இடக்காதருகே வந்து ஒரு மூச்சு நேரம் நிற்கும். மாஸ்டர் மடக்கு என்று அதற்குப் பெயர். வேறெங்கும் இல்லாததாகையால் ரகசிய வித்தை என்று மாணவர்கள் முடிவுகட்டியிருக்கிறார்கள். அவரைக் கேட்டால், “செய்யி, வெளங்கும்” என்பார்.

மார்ச் மூன்றாம் தேதி கராத்தே சங்கத்திலிருந்து ஒரு பரிசோதகர் வருகிறார். மடக்குக்குப் பொருள் செய்துகாட்டினால் அது நிற்கும். இல்லையென்றால் கையை நேராக்க வேண்டும். மறுத்தால் களத்தின் பெயர் பட்டியலிலிருந்து போகும். இங்கே கறுப்புப் பட்டை வாங்கியவர்கள் எல்லோரும் அதைக் கழற்றிவைத்துவிட்டு வேறெங்காவது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தாமினி, “எனக்க அப்பாக்க கையெ எவனும் நேராக்கண்டாம். பொருளெ நான் காட்டுகேன்” என்றாள்.

கட்டிலில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். களைப்பு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சனவரி 13, ஞாயிறு

காலை முழுவதும் களத்தில் பொருள் தேடினார்கள். நான் சேம்பு தோலுரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மேலிருந்து வரும் கம்பை முழங்கை மடிப்பில் இடுக்கிப் பிடிப்பதற்கு என்றான் ஜெபசிங். கம்பால் அடிப்பவன் கம்பை அந்த இடுக்கில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பின்னாலிருந்து முடியைப் பிடிப்பவனுடைய விரலைப் பிரிப்பதற்கு என்றான் இன்னொருவன். மாஸ்டருக்கு முப்பது வயதிலேயே பிடிப்பதற்குத் தலையில் முடி இல்லை. காதைக் காக்கும் கேடயம் என்றாள் தாமினி. அது மற்றவற்றைவிடப் பரவாயில்லை. ஆனால் அடி வருகிற நேரத்துக்கும் கை வந்துசேர்கிற நேரத்துக்கும் பொருத்தமில்லை. காது போன பிறகு கேடயம் வரும்.

தாகத்துக்குத் தண்ணீர் வாங்க வந்த ஜெபசிங் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “டீச்சருக்கு ஒண்ணும் பிடிக்கேல போல” என்றான்.

“எதிரிக்கும் கொஞ்சம் புத்தி இருக்கட்டும் ஜெபசிங்கே. ஒங்க எதிரியெல்லாம் தாலி கட்ட வந்த மாப்பிள்ளெ மாதிரி தலையெக் குனிஞ்சுகிட்டு நிக்கான்” என்றேன்.

சிரித்தான். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

சனவரி 15, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கிற்று. அவருக்கு விழுங்க முடியவில்லை.

சனவரி 18, வெள்ளி

அவரைத் துடைத்துவிட்டு முதுகுக்குப் பவுடர் போடும்போது தாமினி கேட்டாள். இத்தனை ஆண்டுகள் அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாயே, மடக்கு எப்போது வந்தது, எதனால் வந்தது, உனக்குத் தெரியாமலா இருக்கும் என்றாள். நான் அரிசியைத்தான் பார்த்தேன் என்றேன். அம்மைக்குக் கராத்தே என்றாலே இளக்காரம் என்று அவரிடம் முறையிட்டாள். குழந்தையாக இருந்தபோதும் அவரிடந்தான் முறையிடுவாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பாதி முகம் செத்துப்போனாலும் கண் இரண்டும் உயிரோடு இருப்பது ஒரு தொல்லை.

துவைத்த துணி காயவில்லை.

சனவரி 23, புதன்

உடற்பயிற்சி சிகிச்சைக்கு ஷெர்லின் என்ற பெண் வருகிறாள். வலக்கையை மெதுவாக நீட்டிப் பார்த்தவள் நிறுத்திவிட்டாள். பக்கவாதத்தில் கை இறுகுவது வேறு, இது வேறு. முழங்கை மூட்டு எப்போதோ விலகி, எலும்பும் ஒடிந்து, கோணலாகக் கூடியிருக்கிறது, முப்பது வருடத்துக்குக் குறையாது என்றாள்.

தாமினி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மற்ற அசைவுகளில் இடுப்பைத் திருப்பி அவர் அந்தக் குறையை மறைத்துவிடுவார். குத்துகளில் சட்டைக் கை மறைத்துவிடும். முழுக்கையும் நீண்டு அசையாமல் நிற்க வேண்டிய இடம் அந்த ஒன்றுதான். அங்கே மறைக்க வழியில்லை. நாற்பத்தொரு வயதுப் பெண், அப்பாவின் ரகசிய வித்தை ஓர் ஊனம் என்பதை அந்தக் கட்டிலருகே தெரிந்துகொண்டாள். இத்தனை மாணவர்கள் சரியாக இருந்த தங்கள் கைகளைப் பாடுபட்டு ஊனமாக்கிக்கொண்டதை நினைத்தால் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை.

சின்ன வயதில் அப்பா கையில் கட்டு இருந்தது நினைவிருக்கிறது, எப்படி ஒடிந்தது என்று கேட்டாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்தார் என்றேன். எலும்பு மருத்துவமனைக்குப் போகாமல் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டார், அதனால் கோணிற்று. இரண்டாவது வாக்கியம் உண்மை.

சனவரி 24, வியாழன்

தாமினிக்கு நேற்றிரவு தூக்கமில்லை போலும். காலையில் காப்பி குடிக்கும்போது தானாகவே பேசினாள். கை ஒடிந்த வருடம் அவளுக்கு ஒன்பது வயது. அப்பா கையில் கட்டோடு வீட்டில் இருந்த மாதங்களைப் போன்ற நல்ல காலம் அவள் வாழ்க்கையில் திரும்ப வரவில்லையாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமரத்தடியில் உட்கார்ந்து இடக்கையை மட்டும் அசைத்துக் கோட்டைக் கட்டாவை அவளுக்கு முழுதாகச் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள்கூட அதட்டவில்லை. தப்பாகச் செய்தால் சிரிப்பார்.

“விழுந்த அண்ணைக்கு நானும் கிணத்தடில நின்னேம்மா. கண்ணெ இறுக்கி மூடிட்டு நின்னேன். கண்ணாமூச்சி வெளையாடிட்டு இருந்தேன் போல. தெறந்து பாத்தா அப்பா தரையில இருக்காரு. நீ பக்கத்தில நிக்கெ.”

சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் என்றாள்.

சனவரி 30, புதன்

களத்தில் தகராறு. ஊனம் என்று தெரிந்த பிறகு மடக்கை விட்டுவிட வேண்டியதுதானே என்றிருக்கிறான் ஒருவன். ஊனத்தையும் வித்தையாக்கியவர் மாஸ்டர் என்று அவன் சட்டையைப் பிடித்துவிட்டான் ஜெபசிங். தாமினி விலக்கிவிட்டாள். அவளும் இன்னும் மடக்குக்குத்தான் பொருள் தேடுகிறாள். இல்லாத இடத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அவர்கள் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இடக்கை ஏன் இடுப்புக்கு வருகிறது? அழகுக்கு என்பார்கள், அடுத்த குத்துக்கு ஆயத்தம் என்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் கிணற்றில் நீரிறைத்துக்கொண்டே அவர் பயிற்சி செய்வதைப் பார்ப்பேன். வாளி இருக்கும் கயிற்றைத்தான் ஒருவர் இடுப்புவரை இழுப்பார். வெறுங்கயிற்றை அவ்வளவு பாடுபட்டு இழுப்பதில்லை. திரும்பி வருகிற கையில் ஏதோ ஒன்று இருக்கிறது. அது எதிரியின் மணிக்கட்டு. அப்படியென்றால் நேராக நீளும் வலக்கை காற்றில் நீளவில்லை. பிடிபட்டவனுடைய முழங்கைக்கு மேல் கிடக்கிறது. நீளம், தாங்குபுள்ளி, இடுப்பின் திருப்பம். முதலாண்டு மாணவிக்கும் விளங்கும் நெம்புகோல் கணக்கு.

இதை நான் அப்போதே மனத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 5, செவ்வாய்

அவருக்குச் சவரம் செய்துவிட்டேன். தாடைக்கருகே குனிந்திருந்தபோது அவருடைய இடக்கை திடீரென்று மேலே எழுந்தது. என் கால்கள் பின்னால் போய்விட்டன. நாற்காலி கவிழ்ந்தது, சவரக்கத்தி கீழே விழுந்தது. கரண்டியைத் தூக்க முடியாத ஒரு கிழவருக்கு முன்னால், எழுபத்தோரு வயதில், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அந்தக் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. விரல்கள் என் காதுப் பக்கமாக விரிந்திருந்தன. பிறகு போர்வையின் மேல் விழுந்தது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாதிச் சவரத்தோடு விட முடியாது. வெந்நீர் மாற்றிக்கொண்டுவந்து மறுபாதியையும் முடித்தேன்.

பிப்ரவரி 8, வெள்ளி

விடியலில் போய்விட்டார்.

பிப்ரவரி 23, சனி

பதினாறு கழிந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. கறுப்புப் பட்டைக்காரர்கள் வெள்ளுடையில் வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள். பந்தியில் ரசவடை பற்றாமல் போயிற்று. அவர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்று எனக்கு எல்லோரும் எடுத்துச் சொன்னார்கள். என் இடப்பக்கம் உட்கார்ந்து சொன்னவர்களுக்குக் காது கேட்காததால் தலையை ஆட்டினேன். வலப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்குக் காது கேட்டதால் ஆட்டினேன்.

காலையில் நான்கு மணிக்கே விழித்து, கஞ்சிக்கு அரிசி களைந்துவிட்டேன். பாத்திரத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வீணாக்கக் கூடாதென்று நானே குடித்தேன்.

பிப்ரவரி 26, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பரிசோதனைக்கு ஐந்து நாள் இருக்கிறது. மடக்குக்குப் பொருள் கிடைக்கவில்லை. சலித்துப்போன தாமினி, மடக்கை விட்டுவிட்டு, பழைய ஏட்டில் உள்ளபடி கையை நேராக நீட்டி ஜெபசிங்கின் மேல் செய்துபார்த்தாள். அடிக்க வருவதுபோல் வலக்கையை ஓங்கச் சொன்னாள். மணிக்கட்டைப் பற்றி இடக்கையை இடுப்புக்கு இழுத்தாள், வலக்கை அவன் முழங்கையின்மேல் நீண்டது, இடுப்பு திரும்பியது. அவ்வளவு பெரிய ஆள் முழங்கால் மடிந்து தொடையில் படபடவென்று தட்டினான். விடு என்பதற்கு அதுதான் அடையாளம். அவள் விட்டாள். ஆனால் பிடித்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முழங்கையைப் பிடித்து, எந்தப் பக்கம் ஒடியும் என்று விரலால் தடவிப் பார்த்தாள். ஜெபசிங் மகிழ்ச்சியில் கத்தியதை அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

நேரே அடுக்களைக்கு வந்து என் வலப்பக்கமாக நின்றாள்.

“அப்பாக்க முழங்கை இந்தப் பிடியிலதான் ஒடிஞ்சிருக்கு, கிணத்தடில வழுக்கி விழுந்து இல்லெல்லா?”

“இல்லெ” என்றேன். கையில் சோற்றுப்பானை இருந்தது.

“யாரு ஒடிச்சா?”

“நாந்தான்.”

அடுப்பை அவளே அணைத்தாள்.

“ஒன்னெ அடிப்பாரா?”

“காது எப்பிடிப் போச்சுன்னு நீ ஒருநாளும் கேட்டதில்லெ மக்ளே.”

அவள் என் காதைப் பார்த்தாள். தன்னையறியாமல் அவளுடைய வலது உள்ளங்கை விரிந்து தன் இடக்காதருகே போனது. பதினாயிரம் முறை பழகிய கை. அங்கே போனதும் தீப்பட்டதுபோலக் கீழே இறக்கினாள்.

“அண்ணைக்கும் ஒன்னெ அடிக்கத்தான் கை ஓங்குனாரா?”

“ஆமா. என்னெத்தான்.”

“பெறவு?”

“பெறவு ஒருநாளும் ஓங்கல்லெ.”

ஏன் சொல்லவில்லை, ஏன் விட்டுப் போகவில்லை, எப்படி இத்தனை ஆண்டு அவருக்குச் சோறு போட்டாய் என்றெல்லாம் கேட்டாள். படித்தவள்தானே, வேலை இருந்ததே என்றாள். எனக்கும் இந்தக் கேள்விகள் தெரியும். நானே வினாத்தாள் எழுதி நானே திருத்திக்கொண்டிருப்பவள். விடை தெரியாத இடத்தில் கதை அளக்கக் கூடாது என்று மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடித்தேன்.

மாலையில் படத்துக்கு விளக்கேற்ற அவள் வரவில்லை. நான் ஏற்றினேன்.

மார்ச் 3, ஞாயிறு

பரிசோதகர் பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், மரியாதை தெரிந்தவர். தாமினி கோட்டைக் கட்டாவைச் செய்தாள். அந்த இடம் வந்தபோது அவளுடைய வலக்கை நேராக நீண்டது. அசையாமல் நின்றது. இந்தக் களத்தில் முப்பத்திரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு கட்டாவில் ஒரு கை அப்படி நீண்டதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

பிறகு ஜெபசிங்கை வைத்துப் பொருளைக் காட்டினாள். பரிசோதகர் அதை மறுபடி செய்யச் சொல்லி, தன் கையையே கொடுத்துப் பார்த்து, முகம் சுளித்து, சிரித்தார். இவ்வளவு தெளிவான பொருளைத் தான் கண்டதில்லை, மாஸ்டர் சொல்லித்தந்ததா என்று கேட்டார்.

“அம்மைக்கிட்டெ இருந்து வந்தது” என்றாள். படிவத்தில் ‘தோற்றுவாய்’ என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் அவர் பேனாவை மூடிவிட்டார்.

மடக்கைப் பற்றியும் கேட்டார். அது அப்பாவின் கையில் இருந்த பிழை, கட்டாவில் உள்ளதல்ல என்று சொன்னாள். ஜெபசிங் மாமரத்துக்குப் பின்னால் போய் அழுதான். களம் தப்பித்தது. பட்டைகள் தப்பித்தன. இனி இங்கே எந்தக் குழந்தையின் கையும் அந்த இடத்தில் மடியாது.

மார்ச் 4, திங்கள்

தாமினியை இரயிலேற்றிவிட்டு வந்தேன். பிளாட்பாரத்தில், அப்பா கட்டோடு இருந்தபோது சொல்லிக்கொடுத்த அந்த மாதங்களை என்ன செய்வது என்று கேட்டாள். வைத்துக்கொள் என்றேன். அவை உண்மை. அவரிடம் அவ்வளவு கனிவு இருந்ததை நானும் அப்போதுதான் பார்த்தேன்.

வீடு காலி. களத்தில் மாம்பூ கொட்டிக்கிடந்தது, பெருக்கினேன். அந்த இடத்தில் நின்று கொஞ்சம் யோசித்தேன். முழங்கை ஏன் மடிந்தது என்று எனக்குத் தெரியும், நான் மடக்கியது. ஆனால் மடிந்த கையை அவர் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம். உள்ளங்கையை விரித்து, இடக்காதருகே கொண்டுபோய், அடுக்களை ஜன்னலைப் பார்த்தபடி தினமும் விடியலில் ஒரு மூச்சு நேரம் நிறுத்தச் சொல்லி எந்த எலும்பும் கேட்கவில்லை. முப்பத்திரண்டரை ஆண்டு அதற்கு நான் பொருள் சொல்லவில்லை. இனியும் சொல்வதாக இல்லை. நேற்றோடு அந்த அசைவும் இல்லாமல் போயிற்று. அதற்காக ஒரு மனுஷி கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள் என்றால் அதையும் யாரும் விளங்கிக்கொள்ளப் போவதில்லை.

உண்மையைச் சொன்ன அன்றும் தாமினியிடம் ஒன்று மட்டும் பொய் சொன்னேன்.

1986, ஆவணி. மழை விட்டிருந்தது. வெளியூர் மாஸ்டர்கள் வந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கோட்டைக் கட்டாவை நடுவில் மறந்துவிட்டாள். அவர்கள் போகும்வரை அவர் புன்னகையோடு இருந்தார். பிறகு அவளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு நிற்கச் சொன்னார். அந்தப் புன்னகைக்குப் பின்னால் என்ன வருமென்று எனக்குத் தெரியும். என் இடக்காதுக்கும் தெரியும். என்மேல் ஓங்கிய கையை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. அன்றைக்கு அந்தக் கை என்மேல் ஓங்கவில்லை. ஒன்பது வயதுக் குழந்தை, வரப்போவது தெரிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டில் அன்று யாரும் கண்ணாமூச்சி விளையாடவில்லை.